பாடியில் முறுக்கிய கறுப்பு ஒயர்

இன்று காலை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக அண்ணனின் வேனில் முன் சீட்டைத் தூக்கினேன். ஆசிட்டும் துருவும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. உப்பு ஏற்றுகிற வண்டிக்கு மட்டுமே உள்ள அந்த வாசனை உனக்குத் தெரியும். "இது சென்ட் பாட்டில்ல அடைச்சி துபாய்க்கு அனுப்பலாம்" என்று சொன்னவனே நீதான். பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு பின்பக்கம் போகின்றன. முனைகளில் கிரீஸ், மேலே டேப், ஒரு புள்ளித் துரு கிடையாது. நான் பிறந்ததிலிருந்து செய்த வேலைகளில் ஒழுங்கானது அது ஒன்றுதான். அண்ணன் வெளியே நின்றபடி, அந்தப் பெட்டியைக் கழற்றிவிடலாமா, சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டான். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, தண்ணீரைப் பாதியில் விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே என் கையெழுத்தை நீ படித்ததில்லை. கோழி கிளறினது போல இருக்கிறது, கோழியையே கூப்பிட்டுப் படிக்கச் சொல் என்பாய். இப்போது கோழியும் இல்லை, நீயும் இல்லை. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

உன் வீட்டு முன்னறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு பிளக் பாயிண்ட். அதிலிருந்து மூச்சு மிஷினின் ஒயர் ஐந்து அடி. மிஷினிலிருந்து உன் முகத்து மாஸ்க் வரைக்கும் குழாய் நாலு அடி. ஆக மொத்தம் ஒன்பது அடிதான் உன் தேசம். சின்ன வயதில் மழைக்காலத்தில் மட்டும் வந்துபோன இளைப்பு, பதினொன்றாம் வகுப்பில் பெட்டி படுக்கையோடு வந்து தங்கிவிட்டது. வாய்க்குள் பம்பு அடித்தால் அடங்குகிற ரகம் இல்லை. மருந்தைப் புகையாக்கி உள்ளே அனுப்புகிற அந்த மிஷின்தான் வேண்டும். எப்போது இழுக்கும் என்று தெரியாது, இழுத்தால் அந்த நிமிஷமே வேண்டும். அதனால் பள்ளிக்கூடம் நின்றது, மைதானம் நின்றது, கடைசியில் தெருமுனைப் பெட்டிக்கடை கூட நின்றது. கரண்ட் போகிற நேரத்தில் உன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

அந்த மிஷின் மேல் ஒரு நாள் மார்க்கர் பேனாவால் "ஆவிகள் நடமாடும் இடம்" என்று எழுதி வைத்தேன். உன் அம்மா என்னைத் துடைப்பத்தோடு துரத்தினார். நீ சிரித்த சிரிப்பில் இளைப்பு வந்து, அந்த ஆவியையே பிடிக்க வேண்டியதாகிவிட்டது. மாஸ்க்கைக் கழற்றியதும் நீ சொன்னது எனக்கு அப்போது ஒரு பாராட்டாகத்தான் கேட்டது.

"எல்லாரும் மையத்து கெடக்குற வூட்டுக்குள்ள வர்ற மாதிரி வர்றாங்கடா. செருப்பு சத்தம் கூட வராம வர்றாங்க. நீ ஒருத்தன்தான் இன்னும் மனுசன் வூட்டுக்கு வர்ற மாதிரி வர்ற."

நான் உடனே செருப்பைத் தேய்த்துக்கொண்டு இரண்டு நடை நடந்து காட்டினேன்.

சுனாமிக்கு அடுத்த கோடையில் நம்முடைய கிரிக்கெட் டீம், யாரும் எதிர்பார்க்காமல், நாம் கூட எதிர்பார்க்காமல், ஃபைனலுக்குப் போனது. பெரிய முதலியார்சாவடி மைதானத்தில் ஆட்டம். நீ ஆறாம் வகுப்பிலிருந்து நம் ஸ்கோரர். ஓட முடியாதவனுக்கு டீமில் அதுதான் கிடைத்தது. "நான் உப்புக்குச் சப்பாணிதானே" என்று ஒரு தடவை சொன்னாய். மரக்காணத்தில் உப்புக்கு என்று சொன்னால் அது பெரிய பதவிடா என்றேன். உனக்குப் பதிலாக ஒரு வருஷம் நான் ஸ்கோர் எழுதினேன். என் நோட்டில் அவுட்டான ஒருவன் ஒன்பது ஓவர் கழித்து மறுபடியும் பேட் செய்திருந்தான். அதைப் படித்துவிட்டு நீ, ஃபைனலுக்காவது நான் வருவேன் என்றாய். அது ஆசையா உத்தரவா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து வேறு பேச்சே நீ பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பா துபாயிலிருந்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் அந்தப் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். டிபன் பாக்ஸ் அளவு, பின்னால் ஒரு குட்டி ஃபேன், முன்னால் ஒரு பிளக் ஓட்டை. வண்டி பேட்டரியின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருகிற இன்வெர்ட்டர். அங்கே டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் இதை வைத்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே சோறு பொங்குகிறார்களாம். உன் அத்தா போனில் சொன்னதை நீ என்னிடம் சொன்னபோது உன் குரல் வேறாக இருந்தது. சோறு பொங்குகிற பெட்டிக்கு மூச்சு மிஷின் ஓட்டத் தெரியாதா?

அண்ணன் கடைகளுக்கு உப்புப் பாக்கெட் போடுகிற வேன் இருந்தது. உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம். நீ ஜன்னல் கம்பிக்கு உள்ளே இருந்தபடி, பெட்டியோடு வந்த பேப்பரைப் படித்துப் படித்துச் சொன்னாய். நானும் அண்ணனும் முறுக்கினோம். சிவப்பு ஒயர், நடுவில் ஒரு ஃபியூஸ், பேட்டரியின் பிளஸ்ஸுக்குப் போனது. கறுப்பு ஒயருக்கு வந்தபோதுதான் நமக்குள் சண்டை. பெட்டியைப் பின் சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தோம். அங்கிருந்து முன் சீட்டுக்கு அடியிலிருக்கும் பேட்டரிக்கு வருமளவு தடித்த கறுப்பு ஒயர் கையில் இல்லை. நான் அதைப் பக்கத்திலிருந்த வண்டி பாடியிலேயே ஒரு ஸ்க்ரூ போட்டு முறுக்கினேன். ஹாரன், லைட், டேப் ரெக்கார்டர் எல்லாவற்றுக்கும் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். ஒரு ஒயர் போகும். திரும்பி வருகிற வழிக்கு வண்டியின் இரும்பு உடம்பே போதும்.

"பேப்பர்ல பேட்டரிக்கே குடுக்கணும்னு போட்டிருக்குது மச்சி" என்றாய்.

"பேப்பர் சீனாக்காரன் எழுதினது. வண்டி நம்ம வண்டி. எனக்குத் தெரியாதா?"

நம்ம வண்டி. அதில்தான் தப்பு இருந்தது. வருஷக்கணக்காக உப்பு ஏற்றின வண்டி அது. கீழ்த்தகடு காலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். பக்கத்துக் கதவு துருவேறி இறுகி, திறக்கவே முடியாது. பின்னால் உட்காருகிறவன் முன் சீட்டைத் தாண்டித்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அப்படிப்பட்ட இரும்பை நம்பி உன் மூச்சை முறுக்கினேன். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் முறுக்கினேன், அதனால் அன்றைக்கு எல்லாம் சரியாக இருந்தது. அண்ணன் இன்ஜினைப் போட்டான், பெட்டியில் பச்சை விளக்கு வந்தது, மிஷின் உர்ரென்றது. வீட்டில் ஓடும்போது இருப்பதை விடக் கொஞ்சம் கட்டைக் குரலில். உன் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அழுதார் என்று பிறகு நீதான் சொன்னாய்.

அதற்குப் பிறகு பத்து நாள். சாயங்காலம் அண்ணன் கடைகளுக்குப் பாக்கெட் போடும் லைன் முடித்து வந்ததும் நாம் கிளம்பிவிடுவோம். கடற்கரைக்குப் போனோம், அடுத்த நாளும் அங்கேயே போனோம். ஒரு நாள் பெருமுக்கல் வரைக்கும் போய், மலையைக் கீழிருந்தே பார்த்துவிட்டு, ஏறினவன் எல்லாம் இறங்கித்தானே ஆக வேண்டும் என்று திரும்பி வந்தோம். இடையஞ்சாவடிப் பக்கம் சைக்கிளில் போகும் வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் நீ ஜன்னல் வழியாக மாஸ்க்கோடு கை காட்டினாய். ஒரு வெள்ளைக்காரி பயந்துபோய் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டாள். பேட்டரி இறங்கினால் அந்தப் பெட்டி கீ கீ என்று கத்தும் என்று பேப்பரில் போட்டிருந்தது. அந்தச் சத்தத்தை நான் பல்லுக்கு நடுவில் அச்சு அசலாக எழுப்பக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை அண்ணன் நடு ரோட்டில் பிரேக் போட்டான். இரண்டாவது தடவை தலையில் கொட்டினான். நீ மட்டும் ஒவ்வொரு தடவையும் சிரித்தாய்.

அந்தப் பத்து நாளில் ஒரு தடவை கூட நீ ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்ததில்லை என்று உன் அம்மா சொன்னார்.

ஃபைனல் அன்று காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். புது ஸ்கோர் நோட்டு, இரண்டு கலர் பேனா, நீ பின்னால். ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் பாத்திகள் மட்டுமே இருக்கிற இடம் வந்தது. மே மாதம், அறுவடை முடிந்த உப்பு அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது. வெள்ளையைப் பார்த்தால் கண் கூசும், பார்க்காமல் இருக்க வேறு ஒன்றும் இல்லை. காற்றில் உப்புத் தூசி பறந்ததால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். உனக்கு லேசாக இழுத்தது. தூசிக்குத்தான், ஒரு டோஸ் போட்டுக்கறேன் என்று மிஷினைப் போட்டாய்.

கீ கீ.

நீ சிரித்தாய். "இன்னைக்கு ஒரு நாளு வேணாம் மச்சி" என்றாய். நான் வாயைத் திறக்கவே இல்லை. அதை உன்னிடம் சொல்வதற்குள் பெட்டியில் சிவப்பு விளக்கு வந்து, மிஷின் நின்றுவிட்டது.

அண்ணன் ஓரம் கட்டினான். இன்ஜினை உறுமவிட்டுப் பார்த்தான். ஆஃப் செய்து மறுபடி போட்டால், மிஷின் ஒரு உர் சொல்லும், கீ கீ, நின்றுவிடும். பேட்டரி இறங்கிவிட்டதா என்றால் ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கு இழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. கதவைத் திறந்து உன்னை வெளியே உட்கார வைக்கலாம் என்று பக்கத்துக் கதவை நான் உள்ளேயிருந்து உதைத்தேன், அண்ணன் வெளியேயிருந்து இழுத்தான். அது அசையவில்லை. முன்னால் தாண்டி வருமளவு உன் உடம்பில் தெம்பில்லை. கண்ணாடியைத் திறந்தால் தூசி, மூடினால் அடுப்பு. அப்போதுதான் அந்த வேன் எவ்வளவு சின்னது என்று பார்த்தேன்.

நீ ஒற்றை விரலைத் தூக்கினாய். அம்பயர் அவுட் கொடுப்பது போல. இந்த நேரத்திலும் விளையாடுகிறானே, என்னைப் பார்த்துப் பழகிவிட்டானே என்று நினைத்தேன். நீ தலையை ஆட்டிவிட்டு விரலைத் தாழ்த்தினாய். முன் சீட்டைக் காட்டினாய். பிறகு அந்தக் கறுப்பு ஒயரைக் காட்டினாய். மறுபடியும் முன் சீட்டை.

ஸ்க்ரூவைத் தொட்டேன், சுட்டது. திருகினால் திருகவில்லை, கையோடு வந்தது. கூடவே காப்பித் தூள் மாதிரி துரு. நான் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பைப் பத்தே நாளில் உப்புக்காற்று தின்றிருந்தது. பெட்டிக்குக் கரண்ட் போக வழி இருந்தது, திரும்பி வரத்தான் வழியில்லை. பேப்பரைப் படித்தவன் நீ. உனக்குத் தெரிந்திருந்தது, பேசத்தான் மூச்சில்லை.

பெட்டியைப் பிடுங்கினோம். அதை முன்னால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டால் இருக்கிற கறுப்பு ஒயரே எட்டும். மிஷினை சீட்டுக்கு மேலே தூக்கி வைத்தோம், குழாய் பின்னால் உன் முகம் வரைக்கும் சரியாக வந்தது. ஒயரைப் பேட்டரியின் மைனஸில் கட்ட எதையும் தேட நேரமில்லாததால் கட்டிங் பிளேயரால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பச்சை விளக்கு வந்தது. மிஷின் உர்ரென்றது. அது நிற்காமல் ஓடிய பதினைந்து நிமிஷமும் நான் அந்தப் பிளேயரை விடவில்லை, உன்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். விசில் மாதிரி இருந்தது மெல்ல மெல்லக் காற்று மாதிரி ஆனது.

பிறகு பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"டாஸ் போட்டிருப்பாங்க. போலாம்."

அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். "உன் ஃபிரண்டு. நீயே சொல்லுடா" என்றான்.

"இப்பதான் சரியாயிடுச்சேடா" என்றாய். "அத இப்பிடியே ஒரு கயிறு போட்டுக் கட்டு. இல்லன்னா நீ புடிச்சிக்கினே வா. நான் ஸ்கோர் எழுதறேன், நீ ஒயர் புடி. ரெண்டு பேருக்கும் வேலை ஆச்சி."

அது நல்ல யோசனை. இப்போது யோசித்தாலும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சாக்குக் கட்டுகிற சணல் கயிறு வண்டியிலேயே ஒரு கட்டு கிடந்தது.

"திருப்புண்ணா" என்றேன்.

உன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. உன் அம்மா ஓடிவந்து, ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்கு, எதிர் டீம் வரவில்லை, நாமே ஜெயித்துவிட்டோம் என்று சொன்னாய். ஊரிலேயே பெரிய புளுகன் என்ற பட்டத்தை நான் வைத்திருந்தேன். அன்றைக்கு நீ என்னைக் காப்பாற்றுவதற்காக அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னதைப் பார்த்து என்ன செய்வது என்று தெரியாமல், ஸ்கோர் நோட்டை ஜன்னலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாளே திண்டிவனம் போய்த் தடித்த கறுப்பு ஒயர் வாங்கிவந்தேன். பேப்பரில் போட்டிருந்தபடி பேட்டரிக்கே கொடுத்தேன். முனைகளுக்குச் செம்பில் வளையக் காது போட்டு, கிரீஸ் தடவி, டேப் சுற்றினேன். பக்கத்துக் கதவையும் அண்ணன் எண்ணெய் விட்டு, தட்டி, ஒரு வழியாகத் திறக்க வைத்துவிட்டான். வண்டி தயார்.

நான்தான் தயாராக இல்லை. அன்று சாயங்காலம் நீ கேட்டபோது, டேப் இன்னும் காயவில்லை என்றேன். டேப் காய்கிற பொருளா என்ன? நீ சரி என்றாய். அடுத்த வாரம் அண்ணனுக்கு லைன் அதிகம் என்றேன். பிறகு டயர். பிறகு பேட்டரி சார்ஜுக்குப் போயிருக்கிறது என்றேன். அந்த நேரத்தில் அண்ணன் அதே பேட்டரியில் ஸ்டார்ட் செய்து உன் தெரு வழியாகவே ஹாரன் அடித்துக்கொண்டு போனான். நீ ஜன்னலில்தான் இருந்தாய். உனக்குக் கேட்டிருக்கும்.

எப்போது செருப்பை வாசலில் சத்தமில்லாமல் விட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் அறைக்குள் வந்தால் முதலில் மிஷினைப் பார்ப்பேன், பிறகு உன் கழுத்துக் குழியைப் பார்ப்பேன், அப்புறம்தான் உன் முகம். ஜோக் சொன்னால் நீ சிரித்து இளைப்பு வந்துவிடுமோ என்று பாதியில் நிறுத்துவேன். ஒரு நாள் நீ மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாய்.

"முன்னெல்லாம் நீ பொய் சொன்னா சிரிப்பு வரும் மச்சி. இப்ப சொல்ற பொய்யில சிரிப்பே இல்ல."



ஐப்பசி பிறந்து மழை ஆரம்பிப்பதற்கு முன்னால், கடைசியாக ஒரு தடவை கேட்டாய். கடற்கரை வேண்டாம், பெருமுக்கல் வேண்டாம். மெயின் ரோடு வரைக்கும் போய், அங்கே கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினால் போதும். பஸ் போவதைப் பார்க்க வேண்டும் என்றாய். உன் அம்மாவே கதவோரம் வந்து நின்று, "கூட்டிக்கினு போயேம்பா, எத்தன நாளா கேக்குறான்" என்றார். உன்னை உள்ளே வைத்திருப்பது அவர் இல்லை, டாக்டர் இல்லை, அந்த ஒன்பது அடி ஒயரும் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியும், "நாளைக்குக் கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்மா" என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. அடுத்த நாலு நாளும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை, வானம் பார்த்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையில் அண்ணன்தான் வந்து சொன்னான். கரண்ட் இருந்ததாம். மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். கேட்பவர்களிடமெல்லாம் உன் அம்மா அதைத்தான் சொன்னார், மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று. உன்னை அடக்கம் செய்யக் கபர்ஸ்தானுக்கு மழையில் நானும் கூடவே நடந்தேன். தோள் மாற்றிக்கொடுத்தார்கள், ஒரு முறை எனக்கும் கிடைத்தது. நீ கனக்கவே இல்லை.

ஒரு வருஷம் ஆகிறது, உன் அம்மா இன்னும் என்னைக் கூப்பிட்டு அனுப்புகிறார். பெருநாளைக்குக் கூப்பிட்டார், உன் அத்தா லீவில் வந்திருந்தபோது கூப்பிட்டார். அவருக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, என் தலையில் கையை வைத்து, "இந்தப் புள்ளையும் இவங்க அண்ணனும் மட்டும் இல்லன்னா நம்ம புள்ள அந்த ஜன்னலோடவே போயிருப்பான். பத்து நாளாவது ஊரெல்லாம் சுத்திட்டுப் போனான்" என்றார். உன் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு எத்தனையோ பேரை ஏமாற்றத் தெரியும். அந்தக் கையிலிருந்து என் கையை உருவிக்கொள்ள மட்டும் தெரியவில்லை. வண்டி அந்தப் பத்து நாளுக்குப் பிறகு ஐந்து மாதம் தயாராக நின்றது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

"ஆமாம்மா, பத்து நாளு" என்றேன்.